கனடாவில் அகதியாக வந்திறங்கிய பின்: முதல் வாரம் முதல் குடியுரிமை வரை

இலங்கையிலிருந்து வந்து, ரொறன்ரோவிலோ ஒன்ராறியோவின் வேறு நகரிலோ அகதிக் கோரிக்கை வைத்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் "விசாரணைக்கு வரச் சொன்னவை" என்று வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பது அதற்குப் பிறகும் நடந்தது. அதனால்தான் இன்றும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களோடு அலுவலகங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விசாரணை மண்டபங்களுக்கும் போய்வந்த அனுபவத்தில், அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தவற்றை ஒரே இடத்தில் வைக்கிறேன்.

முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கேஸ், பிறகு உடம்பும் மனமும், பிறகு மொழி. காசு அதற்குப் பிறகுதான். உங்களை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்குக் கொடுக்க வாங்கிய கடன் இந்த வரிசையைத் தலைகீழாக்கப் பார்க்கும். வட்டி ஏறுகிறது என்று ஊரிலிருந்து போன் வரும். இரண்டு வேலைக்கு ஓடுவீர்கள். லோயர் கூப்பிட்ட நாளில் "ஷிஃப்ட் இருக்கு" என்பீர்கள். கேஸ் விழுந்தால் அந்தக் கடனை எந்த நாட்டில் உழைத்துக் கட்டுவது? ஊரில் கடன் தந்தவருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கேஸ் முடியும் வரை மாதம் இவ்வளவுதான் வரும் என்று ஒரு சிறிய தொகை. பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். நின்றுபோகும் பெரிய தொகையைவிட நிற்காத சிறிய தொகை அவர்களுக்கும் நல்லது.

முதல் வாரங்கள்: கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

விமான நிலையத்தில் கோரிக்கை வைத்தாலும், உள்ளே வந்த பிறகு இணையவழி வைத்தாலும், உங்கள் கடவுச்சீட்டை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். கோரிக்கை விசாரணைக்கு ஏற்றது என்று முடிவானால், படத்தோடு ஒரு அகதிக் கோரிக்கையாளர் ஆவணம் தருவார்கள். பழைய ஆட்கள் இன்னும் 'பிரவுன் பேப்பர்' என்றுதான் சொல்கிறார்கள். இப்போதைக்கு உங்கள் அடையாள அட்டையும் மருத்துவ அட்டையும் அதுதான். அசலைக் கவனமாக வையுங்கள். எப்போதும் நாலைந்து பிரதிகள் கையில் இருக்கட்டும்.

குடிவரவு மருத்துவப் பரிசோதனையை, அரசு அங்கீகரித்த மருத்துவரிடம், கடிதத்தில் சொன்ன காலத்துக்குள் செய்யுங்கள். அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். கோரிக்கையாளருக்கான கூட்டாட்சி சுகாதாரத் திட்டம் ஏற்கும். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பிறகு "வேர்க் பெர்மிற் வரவில்லை" என்று அந்தரப்படுகிறவர்கள். மருத்துவம் முடியாமல் பெர்மிற் வராது. கோரிக்கைப் படிவத்திலேயே வேலை அனுமதியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெர்மிற் வந்ததும் சமூகக் காப்புறுதி இலக்கம் எடுக்கலாம். அது 9 என்ற எண்ணில் தொடங்கும். தற்காலிக அந்தஸ்து உள்ள எல்லோருக்கும் அப்படித்தான். அந்த இலக்கத்தை வேலை தருபவர், வங்கி, வரி அலுவலகம், அரச உதவி தரும் அலுவலகம் தவிர வேறு எவருக்கும் கொடுக்காதீர்கள். அறை வாடகைக்குத் தருகிறவர் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை.

தங்க இடமில்லை என்றால் 211 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ரொறன்ரோவில் எஃப்.சி.ஜே. அகதிகள் மையம் போன்ற இடங்கள் புதியவர்களுக்கு வழி சொல்லவென்றே இருக்கின்றன. வருமானம் இல்லாதவர் 'ஒன்ராறியோ வேர்க்ஸ்' என்ற மாகாண அரசின் உதவிக்கு (வெல்ஃபெயர்) விண்ணப்பிக்கலாம். கோரிக்கையாளருக்கு அந்த உரிமை உண்டு. வெல்ஃபெயர் எடுத்தால் கேஸ் பாதிக்கும் என்று யாராவது சொல்வார்கள். பாதிக்காது. ஆனால் வெல்ஃபெயர் எடுத்துக்கொண்டே கையில் காசு வாங்கி வேலை செய்து, அதைச் சொல்லாமல் விட்டால் அது குற்றம். அதைச் செய்யாதீர்கள்.

வீடு மாறும்போதெல்லாம் புதிய முகவரியை இரண்டு பக்கமும் அறிவியுங்கள்: விசாரணை செய்யும் குடிவரவு, அகதிகள் சபைக்குத் தனியாக, குடிவரவுத் திணைக்களத்துக்கும் எல்லைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தனியாக. ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போய்ச் சேராது. பழைய பேஸ்மென்ற் முகவரிக்குக் கடிதம் போய், விசாரணைக்கு ஆள் வராமல், கோரிக்கை கைவிடப்பட்டதாக முடிந்த கேஸ்கள் உண்டு.

லோயர் யார் என்பதைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

காசு இல்லாவிட்டால் 'லீகல் எய்ட் ஒன்ராறியோ'வுக்கு அழையுங்கள். வருமான நிலை பொருந்தினால், ஒரு லோயரை அமர்த்திக்கொள்ள சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழை ஏற்கும், அகதி வழக்குகளில் பழகிய ஒருவரை நீங்களே தெரிவு செய்யலாம். உங்களுக்கு டாக்ஸி பிடித்துத் தந்த அண்ணை சொன்ன ஆளிடம்தான் போக வேண்டும் என்றில்லை.

காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல சட்டப்படி அனுமதி பெற்றவர்கள் சட்டத்தரணிகள், ஒன்ராறியோவில் சட்ட சங்க அனுமதி உள்ள பராலீகல்கள், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவுள்ளவர்கள், கியூபெக் மாகாண நோட்டரிகள் ஆகியோர் மட்டுமே. பெயரை அந்தந்த அமைப்பின் இணையப் பட்டியலில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பட்டியலில் இல்லாதவர் எத்தனை பேருக்கு 'செய்து கொடுத்தேன்' என்று சொன்னாலும், பிழை வந்தால் நீங்கள் முறையிட இடமே இருக்காது.

லோயரிடம் எதையும் மறைக்காதீர்கள். குறிப்பாக இயக்கத்தோடு (விடுதலைப் புலிகளோடு) எந்தத் தொடர்பு இருந்தாலும் – கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது, பங்கர் வெட்டியது, சாப்பாட்டுப் பார்சல் கட்டியது, வேறொரு பிரிவில் சம்பளத்துக்கு வேலை செய்தது – படிவம் நிரப்பும் முன்பே சொல்லுங்கள். கனடா 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. உறுப்பினராக இருந்தவர் என்று கருதப்பட்டால், அகதி விசாரணைக்கே போக முடியாத நிலை வரலாம். கட்டாய ஆட்சேர்ப்பும் வன்னி மக்கள் வாழ்ந்த சூழலும் வேறு வேறு விதமாகப் பார்க்கப்படும். அதை எப்படி முன்வைப்பது என்பது லோயரின் வேலை. நீங்கள் அவரிடம் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது. விசாரணை மண்டபத்தில் முதல் தடவையாக அது வெளியே வந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கதையை எழுதுவது: இதற்கு நேரம் ஒதுக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

வாய்திறந்து உங்கள் கதையைச் சொல்ல உங்களுக்கு ஒரு அறை கிடைப்பது தானாக வந்த உரிமை இல்லை. சீக்கியர்கள் உள்ளிட்ட சில அகதிகள் தொடுத்த 'சிங்' வழக்கில், 1985 ஏப்ரல் 4 அன்று கனடா உச்ச நீதிமன்றம், நம்பகத்தன்மை கேள்விக்கு உள்ளாகும் இடத்தில் அகதிக்கு நேரில் விசாரணை தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் ஓகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அந்தக் காலத்திலிருந்து நம்மவர்கள் பல்லாயிரம் பேர் அந்த அறைகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அங்கே பேசப்போவது நீங்கள். கதை உங்களுடையதாக இருந்தால்தான் பேச வரும்.

உங்கள் கோரிக்கையின் அடிப்படையை எழுதும் படிவத்தை 'பி.ஓ.சி.' என்பார்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. உங்களுக்குத் தந்த கடிதத்தில் உள்ள திகதியே உங்கள் திகதி. அயலவர் கேஸில் இருந்த திகதியை நம்பாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு 'பலமான கதை' எழுதித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடன் வாங்கிய கதையில் மூன்றாவது கேள்விக்கே பதில் இருக்காது. அதைவிடப் பெரிய அநியாயம், உண்மையாக நடந்தது அதற்குள் புதைந்துபோகும்.

பலருக்குத் திகதி ஞாபகம் இருக்காது. செல்லடிக்குள் ஓடியவன் கலண்டர் பார்த்துக்கொண்டா ஓடினான்? ஆகவே திகதியில் தொடங்க வேண்டாம், இடத்தில் தொடங்குங்கள். ஒரு கொப்பியை எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு இடம் என்று எழுதுங்கள். கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று நீங்கள் இருந்த வரிசையில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் யாரோடு இருந்தீர்கள், எங்கே படுத்தீர்கள், எது நடந்ததால் அங்கிருந்து வெளிக்கிட்டீர்கள் என்று இரண்டு வரி. பிறகு, உலகம் அறிந்த திகதிகளைப் பக்கத்தில் வையுங்கள். கிளிநொச்சி 2009 ஜனவரி 2 இல் விழுந்தது. முல்லைத்தீவு நகரம் ஜனவரி 25. மாத்தளனில் மண் அணை உடைந்து சனம் பெருவெள்ளமாக வெளியே வந்தது ஏப்ரல் 20. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பர். இந்தத் திகதிகளுக்கு முன்னா பின்னா என்று பார்த்தால் உங்கள் நாட்கள் தாமாக இடம்பிடிக்கும். அப்போதும் நிச்சயமில்லை என்றால் "2009 மார்ச் மாதம் அளவில்" என்று எழுதுங்கள். தெரியாத நாளைத் துல்லியமாக எழுதுவதுதான் ஆபத்து. தெரியாது என்பது ஆபத்தில்லை.

2009க்குப் பின் நடந்ததே பல கேஸ்களில் தீர்மானிக்கும் விடயம். உங்களைத் திருப்பி அனுப்பினால் இனி என்ன நடக்கும் என்பதைத்தான் சபை முடிவு செய்யப்போகிறது. ஆகவே முகாமுக்குப் பிறகு வந்த விசாரணைகள், சிஐடி (பொலிஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவு) கூப்பிட்ட நாட்கள், கொழும்பில் அவர்கள் விசாரிக்கும் நாலாம் மாடி, கையெழுத்துப் போடப் போன பொலிஸ் நிலையம், நீங்கள் வெளிக்கிட்ட பிறகு வீட்டுக்கு வந்து கேட்டவர்கள் – இவற்றைச் சுருக்கிவிடாதீர்கள். வேறு ஊருக்குப் போய் வாழ்ந்திருக்கலாமே என்று கட்டாயம் கேட்பார்கள். கொழும்பிலோ வேறெங்கோ ஏன் முடியாது என்பதற்கு உங்கள் வாழ்க்கையிலிருந்தே பதில் வேண்டும்.

விமான நிலையத்தில் முதல் நாள் நீங்கள் சொன்னதை அதிகாரி குறிப்பாக எழுதியிருப்பார். அது உங்கள் கோப்பில் இருக்கும். களைப்பிலும் பயத்திலும் மாறிச் சொல்லியிருந்தால், அல்லது மொழிபெயர்ப்பாளர் பிழையாக விளங்கியிருந்தால், அதை லோயரிடம் இப்போதே சொல்லுங்கள். அவர் முன்கூட்டியே விளக்குவார். ஆங்கிலத்தில் எழுதி முடித்த படிவத்தை, வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் கையெழுத்து. "எல்லாம் சரி தம்பி, கீழ சைன் பண்ணும்" என்றால் பேனையைக் கீழே வையுங்கள். பிறகு ஏதும் ஞாபகம் வந்தால் திருத்தலாம். திருத்தம் விசாரணைக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் சபைக்குக் கிடைக்க வேண்டும்.

ஆதாரம் என்று எதைக் கொடுப்பது

நம்மவர்கள் பெறுமதி தெரியாமல் ஊரில் விட்டுவரும் காகிதங்கள் சில உண்டு. நீங்கள் தடுப்பில் இருந்தபோது சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உங்களைப் பதிந்ததற்கான சான்று, புனர்வாழ்வு முடித்து விட்டபோது தந்த சான்றிதழ், முகாம் அட்டை, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அம்மா கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு, காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், ஆஸ்பத்திரி டிக்கெற், குடும்ப அட்டை. வீட்டில் இருப்பவர்களிடம் தேடச் சொல்லுங்கள். படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று நினைக்காமல், அசலைப் பாதுகாப்பான வழியில் பெற முடியுமா என்று பாருங்கள். கிராம சேவகர், பங்குத்தந்தை, பாடசாலை அதிபர், அயலவர் ஆகியோரின் கடிதங்களும் உதவும். ஆனால் எழுதுபவருக்கு ஆபத்து வரக்கூடாது. அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உடம்பில் தழும்பு இருந்தால் குடும்ப மருத்துவரிடமோ, லோயர் சொல்லும் மருத்துவரிடமோ காட்டி அறிக்கை எடுங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத எல்லாக் காகிதத்துக்கும் மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் தேவை. எல்லாம் விசாரணைக்கு 10 நாளுக்கு முன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு சின்னப் பொய்க் காகிதம் நூறு உண்மைக் காகிதத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். இல்லாத கடிதத்துக்குப் பதிலாக, ஏன் இல்லை என்ற விளக்கத்தைக் கொடுங்கள்.

விசாரணை நாள்

இணையவழியாகவோ நேரிலோ நடக்கும். இணையம் என்றால் கதவு மூடிய, பிள்ளைகள் வராத ஓர் அறை வேண்டும். பேஸ்மென்றில் அது இல்லாவிட்டால் லோயர் அலுவலகத்தில் இருந்து செய்யலாமா என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரைச் சபையே இலவசமாகத் தரும். இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்று படிவத்திலேயே எழுதுங்கள். விசாரணையின்போது அவர் சொல்வது விளங்கவில்லை என்றால் உடனே நிறுத்திச் சொல்லுங்கள். மரியாதைக்காகத் தலையாட்ட வேண்டாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், ஆணோ பெண்ணோ, கேள்வி கேட்பவரும் மொழிபெயர்ப்பாளரும் எந்தப் பாலினத்தவராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். இடைவேளை கேட்கலாம். இந்த வசதிகள் சபையின் வழிகாட்டலிலேயே இருக்கின்றன, கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

மறுத்துவிட்டால், எழுத்து மூலக் காரணங்கள் கையில் கிடைத்து 15 நாளுக்குள் அகதி மேன்முறையீட்டுப் பிரிவில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். சில கேஸ்களுக்கு அந்த வழி இல்லை. அவை நேரே சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போகும். கடிதம் வந்த அன்றே லோயரை அழையுங்கள். துக்கப்பட்டுக்கொண்டு கிடக்க ஒரு வாரம் எடுத்தால், பாதிக் காலம் போய்விடும்.

உடம்பும் மனமும்

காத்திருக்கும் மாதங்கள் நீண்டவை. நித்திரை வராது, வந்தால் கனவு வரும். மே மாதத்தில் இங்கே விக்டோரியா நாள் வருகிறது. மே 25க்கு முன்வரும் திங்கள். வாணவேடிக்கை விடுவார்கள். 2009இல் அந்த நாள் மே 18 ஆகவே விழுந்தது. முள்ளிவாய்க்காலை நினைத்து விளக்கேற்றும் கிழமையில், ஜன்னலுக்கு வெளியே வெடிச்சத்தம் கேட்கும். புதிதாக வந்தவர் மேசைக்குக் கீழே போனதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கிழமையையும் கனடா நாளான ஜூலை 1ஐயும் முதலே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவுகளில் தனியாக இருக்க வேண்டாம்.

ரொறன்ரோவில் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய மையம் என்று ஒரு நிறுவனம் 1977 முதல் இயங்குகிறது. போரிலிருந்தும் சித்திரவதையிலிருந்தும் தப்பி வந்தவர்களோடு வேலை செய்வதுதான் அவர்கள் தொழில். அங்கே போனால் 'விசர்' என்று எழுதிவிடுவார்கள், கேஸ் கெட்டுவிடும் என்ற பயம் நம்மவர்களிடம் இருக்கிறது. உண்மை வேறு: அதிர்ச்சி ஞாபகத்தை எப்படிக் குழப்பும் என்று ஒரு நிபுணர் எழுதிய அறிக்கை, விசாரணையில் நீங்கள் ஏன் தடுமாறினீர்கள் என்பதற்கு விளக்கமாகவும் அமையும். ஆனால் அறிக்கைக்காகப் போகாதீர்கள், உங்களுக்காகப் போங்கள். நள்ளிரவில் உயிரை விடலாமோ என்ற எண்ணம் வந்தால் 988க்கு அழையுங்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரை எழுப்பி அழைக்கச் சொல்லலாம்.

கூட்டாட்சி சுகாதாரத் திட்டத்தை ஏற்கும் மருத்துவரா, பல் வைத்தியரா, மருந்துக்கடையா என்று போகும் முன் கேளுங்கள். நீங்கள் ஏதாவது பங்கு கட்ட வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். குளிர்காலத்துக்கு ஒரு நல்ல ஜக்கெற்றும் சப்பாத்தும் தேவை. கோயில்களிலும் தேவாலயங்களிலும் கிடைக்கும். அதற்காகக் கடன்பட வேண்டாம்.

உறவினர் யாராவது இன்னும் எங்கே என்று தெரியாமல் இருந்தால், கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தேடல் சேவையில் பதியலாம். காசு இல்லை, தகவல் அரசுகளுக்குப் போகாது.

வேலை, வீடு, காசு

பெர்மிற் வந்த அடுத்த நாளே ஒரு வான் வந்து உங்களை ஏதாவது தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும். முதல் வேலை அப்படித்தான் கிடைக்கிறது, அதில் பிழை இல்லை. ஆனால் சட்டம் உங்களுக்கும் உண்டு. ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் வழக்கமாக ஒவ்வொரு ஒக்டோபர் 1இலும் மாறும். இன்றைய தொகையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வேலைகளில், வாரம் 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. தற்காலிக வேலை ஏஜென்சிகளுக்கு 2024 ஜூலை முதல் மாகாண உரிமம் கட்டாயம். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் காயப்பட்டால், நீங்கள் கோரிக்கையாளராக இருந்தாலும் வேலைக்காயக் காப்புறுதிக்கு முறையிடலாம். "பொலிஸுக்குச் சொல்வன், உன்ர கேஸ் முடிஞ்சுது" என்று மிரட்டும் முதலாளிக்கு உங்கள் கேஸில் ஒரு அதிகாரமும் இல்லை.

வீட்டு வாடகைக்கு முதல் மாதமும் கடைசி மாதமும் கேட்கலாம். அதற்கு மேல் 'சேதப் பணம்' கேட்க ஒன்ராறியோவில் சட்டம் இல்லை. கட்டும் ஒவ்வொரு மாதத்துக்கும் ரசீது கேளுங்கள். சொந்தக்காரர் வீடு என்றாலும் கேளுங்கள். முகவரிக்கும் வரிக்கும் அது தேவைப்படும். வருமானம் இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்கு முன் வரிப் படிவம் போடுங்கள், பல உதவிகள் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

இந்த நாட்டில் உங்களுக்குக் கடன் வரலாறு இருக்காது. ஒரு சிறிய கிரெடிற் கார்ட் எடுத்து, வாங்கியதை மாதாமாதம் முழுவதும் கட்டினால் அது தானாக உருவாகும். உங்கள் பெயரில் கார் எடுத்துத் தரும்படி, போன் எடுத்துத் தரும்படி கேட்பவர்கள் வருவார்கள். இல்லை என்று சொல்லுங்கள். சீட்டுக் கட்டுவது நம்முடைய வழக்கம், அவசரத்துக்குக் கைகொடுத்தும் இருக்கிறது. ஆனால் எழுத்து இல்லாத சீட்டில், ஏஜென்சிக் கடனைக் கட்ட வைத்திருக்கும் காசைப் போடாதீர்கள்.

மொழியும் பிள்ளைகளும்

புதியவர்களுக்கான கூட்டாட்சி அரசின் 'லிங்க்' ஆங்கில வகுப்பு கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் கிடைக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பாடசாலைச் சபைகள் நடத்தும் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளில் கோரிக்கையாளரும் சேரலாம். இரவு வேலைக்குப் போகிறவருக்குக் காலை வகுப்பு, பகல் வேலைக்காரருக்கு மாலை வகுப்பு. இரண்டாவது வேலையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போனவர் ஐந்தாவது வருடத்தில் எங்கே நிற்கிறார், போகாதவர் எங்கே நிற்கிறார் என்று சுற்றிப் பார்த்தாலே தெரியும். தமிழிலேயே கடை, தமிழிலேயே வேலை, தமிழிலேயே வங்கி என்று ஸ்காபரோவில் இருபது வருடம் வாழ்ந்துவிடலாம். ஆனால் அப்படி வாழ்ந்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது, தன் நோயைத் தானே கேட்டறிய முடியாமல் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்.

பிள்ளைகளுக்குக் குடிவரவு அந்தஸ்து இல்லை என்று சொல்லி எந்த அரச பாடசாலையும் ஒன்ராறியோவில் அவர்களைச் சேர்க்க மறுக்க முடியாது. பாடசாலைகளில் புதிய குடும்பங்களுக்கான குடியமர்வு ஊழியர்கள் வருவார்கள். அவர்களைத் தேடிப் பேசுங்கள். ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பத்து வயதுப் பிள்ளையை லோயரிடமும் மருத்துவரிடமும் மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். அப்பாவுக்கு என்ன செய்தார்கள் என்பதை அந்தப் பிள்ளை அப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஏற்கப்பட்ட பின்: வதிவிட உரிமை, குடும்பம், பயணம்

சாதகமான முடிவு வந்ததும் 'பாதுகாக்கப்பட்டவர்' ஆகிறீர்கள். ஒன்ராறியோ ஹெல்த் கார்ட், லிங்க் வகுப்பு, பிள்ளைக் கொடுப்பனவு, மாணவர் கடனுதவி எல்லாம் அதிலிருந்து திறக்கும். அதே கிழமையில் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். தாமதிக்கக் காரணமே இல்லை.

அந்த விண்ணப்பத்தில் மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரையும் எழுதுங்கள். இலங்கையில் இருந்தாலும், இந்தியாவில் முகாமில் இருந்தாலும், பிரிந்து வாழ்ந்தாலும், முதல் திருமணத்துப் பிள்ளை என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் விட்டவரைப் பிறகு ஸ்பொன்சர் செய்ய முடியாமல் போகலாம். பிள்ளை 22 வயதுக்குக் கீழ், திருமணமாகாதவராக இருக்க வேண்டும். நீங்கள் அகதிக் கோரிக்கை வைத்த நாளில் பிள்ளைக்கு என்ன வயது என்பதையே கணக்கில் எடுப்பார்கள். கேஸ் இழுபட்டதால் பிள்ளைக்கு வயது போய்விட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள், லோயரிடம் கேளுங்கள். அம்மா அப்பா, சகோதரங்கள் இந்த விண்ணப்பத்தில் வரமுடியாது.

இனிச் சொல்வதை இரண்டு தடவை வாசியுங்கள். வதிவிட உரிமை அட்டை வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்து இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காதீர்கள். அந்தக் கடவுச்சீட்டில் எந்த நாட்டுக்கும் போகாதீர்கள். இலங்கைக்குப் போகாதீர்கள். அப்படிச் செய்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களாகவே மீண்டும் நாடினீர்கள் என்று சொல்லி அகதி அந்தஸ்தை நிறுத்தும்படி அரசு கேட்க முடியும். 2012 டிசம்பருக்குப் பிறகு, அந்த வழியில் அகதி அந்தஸ்துப் போனால் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்து போகும். தங்கச்சியின் கலியாணம், அம்மாவின் செத்தவீடு என்று போனவர்கள் இதில் அகப்பட்டிருக்கிறார்கள். காரணத்தைக் கேட்பார்கள், ஆனால் காரணம் நியாயமாகப் பட்டதால் மட்டும் எல்லோரும் தப்பவில்லை. குடியுரிமை கிடைக்கும் வரை இந்த ஆபத்து இருக்கிறது.

பயணம் செய்ய, கனடா அரசின் அகதிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பியுங்கள். அதில் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்குப் போகலாம். பல நாடுகளுக்கு விசா தனியாக எடுக்க வேண்டும். அம்மா அப்பாவை இந்தியாவிலோ மலேசியாவிலோ சந்திக்க நினைப்பவர்கள், ரிக்கெற் வாங்கும் முன் இரண்டு பக்கத்து விசாவையும் எடுத்துவிடுங்கள். ஊரில் செத்தவீடு நடக்கும்போது இங்கே இருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அந்த நாளில் கோயிலில் ஒரு பூசை செய்து, வீட்டில் நாலு பேரைக் கூப்பிட்டு இருங்கள். விமானம் ஏறாதீர்கள்.

குடியுரிமை

விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 5 வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்ட நாளிலிருந்து வதிவிட உரிமை கிடைக்கும் வரையிலான ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கில் வரும், அதிகபட்சம் 365 நாள். அதனால் தீர்மானக் கடிதத்தைத் தொலைக்காதீர்கள். 18 முதல் 54 வயது வரையானவர் மொழித் தகுதி காட்ட வேண்டும். லிங்க் வகுப்பில் 4ஆம் நிலை முடித்த சான்று போதும். அறிவுத் தேர்வில் 20 கேள்விகளுக்கு 15 சரியாக இருக்க வேண்டும். வரி ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள்.

கனடியக் கடவுச்சீட்டு எடுத்த பிறகு அகதி அந்தஸ்தை நிறுத்தும் சட்டம் உங்களைத் தொடாது. ஆனால் இலங்கைக்குப் போவது பாதுகாப்பா என்பது தனிக் கேள்வி. உங்கள் பெயரில் பழைய வழக்கோ பிடியாணையோ இருக்கிறதா என்று அங்குள்ள ஒரு சட்டத்தரணி மூலம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அங்கே அகப்பட்டால் கனடியத் தூதரகம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உங்களை இன்னும் தங்கள் பிரசை என்று இலங்கை அரசு கருதினால் அதுவும் குறையும். போவதென்றால் பயண விபரத்தையும் லோயரின் இலக்கத்தையும் இங்கே ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வெளிநாடு போகும் கனடியர்களுக்கான கனடா அரசின் பதிவில் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.